பெங்களூர் பால்கனிக்கு லித்தாப்ஸா, ஹவோர்த்தியாவா?

அல்சூர் வீட்டு பால்கனிக்குச் சதைப்பற்றுள்ள சிறுசெடி ஒன்று வாங்க நினைப்பவர், லித்தாப்ஸ், ஹவோர்த்தியா கூப்பரி ஆகிய இரண்டுக்கும் நடுவில் தயங்கி நிற்பது இயல்பு. நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் வறண்ட சரளை நிலத்தில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக ஒளிந்து வாழும் லித்தாப்ஸை, 1811இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் வில்லியம் பர்ச்செல் கல் என்று நினைத்தே கையில் எடுத்தார். அதற்கு இரண்டே இலைகள். நடுப்பிளவிலிருந்து புதிய இணை முளைக்கும்போது, பழைய இணை தன் நீரையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டுக் காகிதச் சருகாகச் சுருங்குகிறது. அந்த வேளையில் பாசத்தோடு ஒரு குவளை நீர் ஊற்றினாலும் செடி கெட்டுவிடக்கூடும். ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் மூட்டமுமாக இருக்கும் பெங்களூரில், கூரையும் நல்ல வெயிலும் ஒருசேரக் கிடைக்காத வீட்டில் இதை வளர்ப்பது, உள்ளபடியே சொன்னால், வீண் செலவு.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியைச் சேர்ந்த ஹவோர்த்தியா கூப்பரியோ, புல்லுக்கும் புதருக்கும் இடையே மண்ணில் பாதி புதைந்து வளர்வது. கண்ணாடி போன்ற இலைநுனி வழியே ஒளி உள்ளே இறங்குவதால், காலை வெயில் படும் ஜன்னலே அதற்குப் போதும். பக்கக் கன்றும் விடும். அழகில் என் மனம் லித்தாப்ஸிடம்தான் இருக்கிறது; ஆனாலும் முதற்செடியாக ஹவோர்த்தியாவையே வாங்கச் சொல்வேன், அதுவும் கடைத் தொட்டியின் தேங்காய்நார்க் கலவையை உதறிவிட்டு, பாதிக்குமேல் சரளை கலந்த மண்ணில் மாற்றி நட்டு.