குதிரைக்கு அளவெடுத்துத் தைத்த சேணமா, ரெடிமேடா?

சென்னை பெரியமேட்டில் எங்கள் சேணப் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதுதான். ரெடிமேட் உடனே கிடைக்கும், விலையும் குறைவு. குதிரையின் முதுகுக்கு ஓரளவு பொருந்தினாலே, சேணத்தின் அடித்திண்டில் திணிக்கும் கம்பளியைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். ஆனால் சேணத்துக்கு உள்ளே எலும்புக்கூடு மாதிரி இருக்கும் சட்டம் குறுகலாக இருந்தால் கம்பளி காப்பாற்றாது. திணிக்கத் திணிக்க இன்னும் இறுக்கும்.

அளவெடுத்துத் தைத்தால் சட்டத்தையே குதிரைக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். வளையும் கம்பியைத் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் அழுத்தி, அந்த வளைவைத் தாளில் வரைந்துகொள்வோம். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரை என்றால், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து மேடு உயரமாக இருக்கும். ரெடிமேட் பெரும்பாலும் அங்கே இடிக்கும்.

தலைவலி தருவது குதிரை இல்லை, அதன் ஓனர். ஒருவர் அளவு கொடுத்துவிட்டு நாலு மாதம் சவாரியே போகவில்லை. குதிரை கொழுத்துவிட்டது. "என்னண்ணே, தப்பாத் தைச்சிட்டீங்க" என்று சண்டைக்கு வந்தார். பழைய தாளை விரித்து, புது வளைவை அதன்மேல் வைத்தேன். கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே நின்றது. அப்புறம்தான் குரல் இறங்கியது. இப்போதெல்லாம் தாளில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன், பாதிப் பணமும் முன்னாலேயே.

வளரும் இளங்குதிரைக்கு ரெடிமேடே போதும். தினம் ஒரு யோசனை மாற்றுகிற வாடிக்கையாளருக்கும் அதையேதான் சொல்வேன். உட்கார்ந்து பார்த்து வாங்கட்டும், சரிதானே?