மாட்டுத்தாவணிப் பக்கம் உள்ள ஓர் எக்கோ மையம்

மேலூரில் இருந்து அப்பாவை அழைத்துக்கொண்டு சென்ற வாரம் இந்த மையத்துக்குப் போயிருந்தோம். கால் வீக்கத்துக்காக வேறோர் இடத்தில் முன்பே எடுத்த எக்கோவில் (ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) 'இ.எஃப். 60 சதவீதம்' என்று மட்டுமே இருந்ததால், இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இரத்தம் அனுப்புகிறது என்பதையும் அளந்து வரும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். இ.எஃப். என்பது கீழறையில் நிறைந்த இரத்தத்தில் எத்தனை பங்கு வெளியேறுகிறது என்ற விகிதம்தான். அறையே சிறியதாக இருந்தால், விகிதம் நன்றாக இருந்தும் அளவு குறைவாக இருக்கலாம்.

மையம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. இதய நோயாளிகளைப் படியேற வைப்பது என்ன நியாயமோ தெரியவில்லை. ஆனால் ஏறி வந்தவரை உடனே படுக்க வைக்காமல், நாடித்துடிப்பு அடங்கும் வரை கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். நாடித்துடிப்பும் கணக்கில் பெருக்கப்படுவதால் இது தேவையான பொறுமைதான்.

அப்பாவை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஜெல் தடவி, "ஐயா, மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்துங்க" என்றார் டெக்னீஷியன். இடது கீழறையில் இருந்து மகாதமனிக்குப் போகும் வழியின் விட்டத்தை அவர் மூன்று முறை அளந்தார். விட்டம் 2 செ.மீ., ஒரு துடிப்பில் இரத்தம் கடக்கும் தூரம் டாப்ளரில் (இரத்த ஓட்டத்தின் வேகத்தை ஒலியலையால் அளக்கும் முறை) 20 செ.மீ., நாடித்துடிப்பு 72. விட்டத்தில் இருந்து கிடைக்கும் வழியின் பரப்பைத் தூரத்தால் பெருக்கினால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 63 மி.லி.; அதை நாடித்துடிப்பால் பெருக்கினால் நிமிடத்துக்கு 4.5 லிட்டர். ஓய்வில் இருக்கும் பெரியவர்களுக்கு 4 முதல் 8 லிட்டர் வரை இயல்பு என்பதால் எங்களுக்கு நிம்மதி. விட்டம் கணக்கில் வர்க்கமாக (தன்னாலேயே பெருக்கப்பட்டு) வருவதால், அதை 1.8 என்று அளந்திருந்தாலே விடை 3.7 லிட்டருக்கு இறங்கி, அப்பாவுக்கு இல்லாத நோயை எழுதியிருக்கும். மூன்று முறை அளந்ததன் அருமை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஊசியோ குழாயோ இல்லாமல் அரை மணி நேரத்தில் முடிந்தது. ரிப்போர்ட்டில் விட்டம், தூரம், நாடித்துடிப்பு மூன்றையும் தனித்தனியே எழுதிக் கொடுத்ததால், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கட்டணத்தை முன்கூட்டியே சொல்லாதது ஒரு குறை. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்; அந்தப் படிகளை நினைத்து அலுத்துக்கொண்டாலும், இங்கேதான் வருவோம் என்கிறார் அப்பா.