480 யூரோ போனது, அப்பா பார்க்க வந்த வளைவும் போனது: கப்பலில் மொனாக்கோ போகிறவர்கள் கவனத்துக்கு

ஊர் திரும்பி நான்கு நாள்தான் ஆகிறது. கரையில் சுற்றிப்பார்க்கக் கார் ஏற்பாடு செய்த நிறுவனத்திடமிருந்து, பணத்தைத் திருப்பித் தர முடியாது என்ற கடைசி மறுப்பும் இன்று காலை வந்துவிட்டது. கை நடுங்கும் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 480 யூரோ, நம் பணத்தில் ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். இது இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக் கூடாது. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று முடிவில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

அப்பா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பல வருடம் பஸ் ஓட்டியவர். தொலைக்காட்சியில் மொனாக்கோ கார் பந்தயம் வந்தால் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். 1929-இல் தொடங்கிய பந்தயம் அது. ஊருக்குள் மக்கள் நடமாடும் தெருவிலேயே 3.337 கிலோமீட்டர் சுற்று, 78 முறை. அதில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. எவ்வளவு வேகமான காரும் அங்கே ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கித்தான் திரும்ப முடியும். "அந்த இடத்தில் முன்பு ரயில் நிலையம் இருந்தது, அப்போது அந்தப் பெயரால்தான் வளைவைச் சொன்னார்கள்" என்று அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய அறுபதாம் கல்யாணம் முடிந்ததும், பார்சிலோனாவில் ஏறும் ஒரு வார மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்ததே அந்த வளைவுக்காகத்தான். அப்பா, அம்மா, என் கணவர், நான்.

கப்பலிலேயே விற்கும் கரைச் சுற்றுலாவில் கூட்டமாக பஸ்ஸில் ஏற்றிப்போவார்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு வேகமாக நடக்க முடியாது. அதனால் கப்பல் பயணிகளுக்கென்றே தனிக் கார் ஏற்பாடு செய்யும் ஓர் இணையதளத்தில் பதிவு செய்தேன். நீஸ், ஏஸ், மொனாக்கோ, ஆறு மணி நேரம், நான்கு பேருக்கு வேன், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி. 480 யூரோ, முழுத் தொகையும் முன்பணம். முந்தின நாள் இரவு ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அப்பாவின் வயதைக் கேட்டார், அம்மாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தார். "அந்த வளைவில் உங்கள் அப்பாவை நிற்கவைத்துப் படம் எடுப்பது என் பொறுப்பு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் கவிழ்ந்தேன். தெரியாத தேசத்தில் நம் அப்பாவைப் பற்றி ஒருவர் அக்கறையாகப் பேசினால் மனம் இளகத்தானே செய்யும்? அதைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள்.

கப்பல் மொனாக்கோ துறைமுகத்துக்குள் போகவில்லை. பக்கத்தில் உள்ள வில்பிரான்ஷ் விரிகுடாவில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் கரைக்கு இறக்கினார்கள். பயணத் திட்டத்தில் கொட்டை எழுத்தில் மோன்டே கார்லோ (மொனாக்கோவின் ஒரு பகுதி) என்று இருந்தாலும் இப்படி நடப்பதுண்டு. படகுக்கு வரிசையில் நின்று கரையேறும்போது மணி 9.40. பெயர்ப் பலகையோடு நிற்பதாகச் சொன்னவரைக் காணோம். கேட்டால், "கீழே காரை நிறுத்தக் காவலர்கள் விடுவதில்லை, மேல் சாலைக்கு வாருங்கள்" என்று செய்தி வந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறினார். வேனுக்குப் பதிலாக ஒரு சின்னக் கார் வந்தபோது மணி 10.35. வழிகாட்டி இல்லை, ஓட்டுநர் மட்டும்.

ஏறியவுடன் அவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். திரை முழுக்கப் பிரெஞ்சு. "காப்பீட்டுக்காக, பயணிகள் ஏறிவிட்டார்கள் என்று மட்டும்தான்" என்றார். விரலால் கையெழுத்துப் போட்டேன். திரையின் மூலையில் விரிசல் இருந்தது, என் கையெழுத்து அதில் பட்டுக் கோணலாகப் போனதுகூட நினைவிருக்கிறது. அது என்ன கையெழுத்து என்பது பிறகுதான் தெரிந்தது.

நீஸ் ரத்து, நேரமில்லையாம். ஏஸில் மலையுச்சி கிராமத்துக்குப் போகாமல், கீழே ஒரு வாசனைத் திரவியக் கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்தார். நாங்கள் எதுவும் வாங்காததில் அவருக்கு முகம் சுருங்கியது. 12.50-க்கு மோன்டே கார்லோ கேசினோ சதுக்கத்தில் இறக்கிவிட்டு, "இருபது நிமிடம். இங்கேயே நில்லுங்கள், நகர்ந்தால் என்னால் தேட முடியாது. அடுத்தது அந்த வளைவுதான்" என்று சொல்லிப் போனார்.

திரும்பி வரவேயில்லை.

1.10 ஆயிற்று, 1.30 ஆயிற்று. அழைத்தால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. "ஐந்து நிமிடத்தில் வருகிறேன், நகராதீர்கள்" என்று இரண்டு முறை செய்தி மட்டும் வந்தது. வெயிலில் அம்மா மலர்ப் பாத்தியின் ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சுற்றி விலையுயர்ந்த கார்களை நிறுத்திவைத்து ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா எதையும் பார்க்கவில்லை. கீழே இறங்கும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரவு கப்பலில் வரைபடத்தைத் திறந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்த வளைவு அங்கிருந்து சில நூறு மீட்டர் இறக்கத்தில்தான் இருக்கிறது. அப்பாவுக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது. கேசினோ, அடுத்து மிராபோ திருப்பம், அதற்கடுத்து கொண்டை ஊசி என்று மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர். "ஏன் அப்பா சொல்லவில்லை?" என்றேன். "கார் வந்து, ஆளைக் காணோம் என்று போய்விட்டால்? அம்மாவால் ஓட முடியுமா? விட்டுவிடு அம்மா" என்றார். 480 யூரோ போனதைவிட இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

2.05-க்கு வந்தது கடைசிச் செய்தி: ஓட்டுநர் காத்திருந்தாராம், நாங்கள் வரவில்லையாம், சேவை முடிந்ததாம். கரையிலிருந்து கடைசிப் படகு 3.30-க்கு. கடவுச்சீட்டுகள் கப்பலில். வழியில் ஒரு பெண்மணி காட்டிய பொது மின்தூக்கியில் ஏறி, மலைக்குள் குடைந்த ரயில் நிலையத்தைப் பிடித்தோம். வில்பிரான்ஷுக்கு ஆளுக்கு ஐந்து யூரோகூட ஆகவில்லை. கால் மணி நேரப் பயணம், இறங்கினால் படகுத்துறை நடை தூரம். காலையிலேயே இந்த ரயிலைப் பிடித்திருந்தால் அப்பா அந்த வளைவில் அரை நாள் நின்றிருக்கலாம்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் தானியங்கி பதில்: 72 மணி நேரம் பொறுங்கள். பிறகு ஒருவர்: கார் ஏற்பாட்டாளரைக் கேளுங்கள். ஏற்பாட்டாளர்: இணையதளத்தைக் கேளுங்கள். நான்கு முறை நான்கு வேறு ஆட்களிடம் முதலிலிருந்து கதை சொன்னேன். கடைசியில் என் கோணல் கையெழுத்தை எனக்கே அனுப்பினார்கள். அதன் மேலே பிரெஞ்சில் இருந்ததை மொழிபெயர்த்துப் பார்த்தேன்: சேவை முழுமையாகவும் திருப்தியாகவும் வழங்கப்பட்டது. காரில் ஏறியவுடனே, கார் நகரும் முன்பே வாங்கிய கையெழுத்து அது! வங்கியில் கார்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டால், கையெழுத்து இருப்பதால் வாய்ப்புக் குறைவு என்கிறார்கள். இன்னும் விடவில்லை, மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 480 யூரோ அவர்களுக்குச் சில்லறையாக இருக்கலாம், எங்களுக்கு இல்லை.

விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும். புரியாத மொழியில் எதிலும் விரல் வைக்காதீர்கள், சுற்றுலா முடியும்வரை கையெழுத்தே போடாதீர்கள். முழுத் தொகையை முன்பணமாகக் கேட்டால் வேண்டாம். கப்பல் துறைமுகத்துக்குள் போகிறதா, வெளியே நங்கூரமிடுகிறதா என்று முன்பே கேளுங்கள், படகு வரிசையிலேயே ஒரு மணி நேரம் போகும். வெளியில் ஏற்பாடு செய்த காரில் போய்த் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. வில்பிரான்ஷில் இறக்கினால் நேராக ரயில் நிலையம் போங்கள். உங்கள் அப்பாவோ அம்மாவோ எதைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தார்களோ, அங்கே முதலில் கூட்டிப்போங்கள். அரண்மனையும் கேசினோவும் பிறகு.