விட்டு விட்டு முட்டு வரும் சின்னப் பிள்ளைக்கு: முகமூடி பூட்டிய ஸ்பேசரும் வீட்டு நெபுலைசரும்

சின்னப் பிள்ளைக்கு அடிக்கடி முட்டு (மூச்சிழுப்பு) வரும் வீடுகளில், யாராவது ஓர் உறவினர் வந்து பார்த்துவிட்டு, "ஒரு நெபுலைசரை வாங்கி வீட்டிலேயே வையுங்கோவன்" என்று சொல்லாமல் போவதில்லை. எங்கள் வீட்டில், திரவ மருந்தை நுண்துளிகளாக்கி முகமூடி வழி கொடுக்கும் மின்கருவியான நெபுலைசரும் இருக்கிறது, முகமூடி பூட்டிய ஸ்பேசரும் இருக்கிறது. மாரி மழையோடு சாதாரணத் தடிமனாகத் தொடங்கி, தை, மாசிப் பனியில் கூடி, பங்குனி வெயில் ஏறிய பிறகே அடங்கிய எங்கள் மகளின் இருமலுக்கும் முட்டுக்கும் இரண்டையும் பாவித்துப் பார்த்த பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் ஸ்பேசரை வாங்குங்கள் என்பதே என் முடிவு. இரண்டுக்கும் போதும் என்றாலும், மிச்சப் பணத்தில் நெபுலைசர் வாங்குவதைவிட ஸ்பேசருக்கு இன்னொரு முகமூடி வாங்கி வைப்பது மேல்.

ஸ்பேசர் என்பது பார்வைக்கு மிக எளிய பொருள். பிளாஸ்டிக் குழாய் ஒன்று, அதன் ஒரு முனையில் பம்ப்பை (இன்ஹேலரை) செருகும் துளை, மறு முனையில் ஒருவழி அடைப்பிதழும் (வால்வு) மென்மையான முகமூடியும். பம்ப்பை அமுக்கியதும் மருந்து மிக வேகமாக வெளியே பாய்கிறது. அதே கணத்தில் மூச்சை ஆழமாக இழுக்க வளர்ந்தவர்களே தடுமாறும்போது, இரண்டு வயதுப் பிள்ளையால் அது எப்படி முடியும்? நேரடியாக வாயில் அடித்தால் மருந்தின் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். குழாய்க்குள் அடித்தால் மருந்துத் துகள்கள் வேகம் தணிந்து அங்கே சற்றுத் தங்கி நிற்க, பிள்ளை தன் பாட்டில் மூச்சு விட்டபடியே அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது.

நெபுலைசர் என்றால் பலமான மருந்து, பம்ப் என்றால் பலம் குறைந்தது என்ற எண்ணம் இங்கே இலங்கையில் பரவலாக இருக்கிறது. பல சமயம் இரண்டிலும் உள்ளே போவது, சுவாசக் குழாயைத் தளர்த்தும் சல்பியூட்டமோல் என்ற ஒரே மருந்துதான். மிதமான முட்டோடு வரும் பிள்ளைகளில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள், ஸ்பேசர் வழி கொடுப்பது நெபுலைசருக்குக் குறைந்ததல்ல என்றே காட்டியிருக்கின்றன. நாடித்துடிப்பு ஏறுவதும் ஸ்பேசரில் குறைவாக இருந்தது. ஜினா என்று அழைக்கப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டியும் மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு முகமூடியுள்ள ஸ்பேசரை முதல் தெரிவாகவும், நெபுலைசரை மாற்று வழியாகவும் வைக்கிறது. 1999 இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வொன்றில், பம்ப் நுழையும் அளவுக்கு அடியில் துளையிட்டு இடைவெளியை அடைத்த 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தல்கூடக் கடை ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்தது. ஆனால் அது முகமூடி தேவைப்படாத பெரிய பிள்ளைகளில் பார்த்தது. இதை வாசித்துவிட்டுக் கைக்குழந்தைக்குச் சோடாப் போத்தல் வெட்டப் போக வேண்டாம்.

சின்னப் பிள்ளையில் எல்லாமே அந்த முகமூடியைப் பொறுத்தே இருக்கிறது. அது மூக்கையும் வாயையும் முழுவதுமாக மூடி, கன்னத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். முகத்துக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்தாலே மருந்தில் பெரும்பங்கு அறைக்காற்றோடு போய்விடும். எங்கள் அம்மம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. "பிள்ளை மூச்சு விடக் கஷ்டப்படுது, நீங்கள் அதின்ரை மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்துறியள்" என்று கையைத் தட்டிவிடுவார். அடைப்பிதழ் திறந்து மூடுவதை வெளிச்சத்தில் காட்டிய பிறகே அவருக்கு நம்பிக்கை வந்தது. பிறகு மடியில் வைத்துப் பிடிக்கும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார், எங்களை விட நன்றாகவும் செய்தார்: பிள்ளையின் முதுகைத் தன் மார்போடு சாய்த்து, ஒரு கையால் இரண்டு கைகளையும் அணைத்து, மறு கையால் முகமூடியைப் பிடிப்பார். பம்ப்பைக் குலுக்கிச் செருகி அமுக்குவது மட்டும் என் வேலை. ஒரு தடவை அமுக்கி, ஐந்தாறு மூச்சு போகும் வரை பிடித்து, எடுத்து, அரை நிமிடம் விட்டுத் திரும்பவும் குலுக்கி அடுத்ததை அமுக்க வேண்டும். நேரம் மிச்சம் என்று இரண்டையும் ஒரேயடியாகக் குழாய்க்குள் அடித்தால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவரில் படிந்து, பிள்ளைக்குப் போகும் அளவு குறைந்துவிடும்.

நாங்கள் வாங்கிய ஸ்பேசரில் அந்த அடைப்பிதழ் வெளியிலிருந்து பார்த்தால் தெரியும். மூச்சுக்கு மூச்சு அது துடிப்பதை மகள் "பூச்சி" என்பாள். பூச்சி ஆடுகிறதா என்று அவளே கண்ணைத் தாழ்த்திப் பார்க்கத் தொடங்கியதும் அழுகை பாதியாகக் குறைந்தது. இது விளையாட்டுக் காரியம் அல்ல. அழும் பிள்ளை நீளமாக மூச்சை வெளியே விட்டு, நடுவில் வெடுக்கென்று உள்ளிழுப்பதால் மருந்து நுரையீரலுக்குப் போவது வெகுவாகக் குறைகிறது. 'அழுதால் நல்லது, ஆழமாக இழுக்கும்' என்று எங்களுக்கும் சிலர் சொன்னார்கள், அது சரியல்ல. ஆகவே ஸ்பேசர் வாங்கும்போது அடைப்பிதழ் கண்ணுக்குத் தெரியும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மூச்சுகளை எண்ணுவதற்கும் அதுவே வழி.

முகமூடியின் அளவு விடயத்தில் கடைகள் மீது எனக்கு மனக்குறை உண்டு. நகரத்து மருந்தகம் ஒன்றில், பிள்ளைக்கு என்று கேட்டும் பெரியவர்களின் முகமூடியோடு இருந்த பெட்டியைத்தான் எடுத்துத் தந்தார்கள். அளவு பெரிது என்றதும், "அமத்திப் பிடியுங்கோ, சரிவரும்" என்றார் நின்றவர். சரிவராது. கண்ணோரம் வரை ஏறும் முகமூடியை எவ்வளவு அமத்தினாலும் நாடிக்குக் கீழே இடைவெளி இருக்கும், பம்ப்பில் இருப்பது முட்டைத் தடுக்கும் ஸ்டிரொயிட் மருந்து என்றால் அது கண்ணிலும் படும். பிள்ளையையே கூட்டிக்கொண்டு போய், மூக்குத் தண்டிலிருந்து நாடி வரை வைத்துப் பார்த்து வாங்குவதே வழி. பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இவ்வளவு விளக்கம் தேவைப்படும் ஒரு பொருளுக்கு இது பெரிய குறை. கிளினிக்கில் ஒரு தாதி செய்து காட்டியிராவிட்டால் நாங்கள் பாதி மருந்தைக் காற்றில்தான் விட்டிருப்போம்.

கழுவுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. புதுப் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் நிலைமின்னேற்றம் இருப்பதால் அது மருந்துத் துகள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தை இளஞ்சூட்டு நீரில் கலந்து, குழாயை அதில் ஊறவிட்டு எடுத்து, உட்புறத்தை அலசாமலும் துடைக்காமலும் நிமிர்த்திக் காயவிட்டால் அந்த ஏற்றம் தணியும். முகமூடியை மட்டும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். துணியால் உள்ளே துடைத்தால் மறுபடி ஏற்றம் வந்துவிடும். சுத்தம் பார்க்கும் வீடுகளில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கும் என்று நினைக்கிறேன்.

நெபுலைசருக்கு வருகிறேன். எங்களுடையது கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பியது. அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. ஆகவே நேரே செருக முடியாது, இடையில் ட்ரான்ஸ்போமர் ஒன்று வேண்டும். அது வோல்ற்றை இறக்கினாலும், நம் மின்சாரத்தின் 50 ஹேட்ஸை அங்கே உள்ள 60 ஆக மாற்றாது, அதனால் மோட்டர் மந்தமாகவே ஓடுகிறது. வெளிநாட்டில் உள்ள உறவுகள் அனுப்ப விரும்பினால் பணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது 230 வோல்ற்றுக்கு உரியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சரியான மின்சாரத்தில் ஓடும் கருவி என்றாலும், ஒருமுறை மருந்து முடியப் பத்து நிமிடத்துக்கு மேல் செல்லும். அத்தனை நேரமும் நீரிறைக்கும் மோட்டர் போல் அது இரைய, பிள்ளை முகமூடியைப் பிய்த்து எறியும். ஸ்பேசரில் இதே வேலை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகிறது.

மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இப்போது அப்படி இல்லைதான். ஆனால் மாரிக்காற்றில் கம்பி அறுந்து இருளும் இரவுகளில்தான் பிள்ளைக்கு முட்டும் கூடுகிறது. சுத்தம் செய்வதும் நெபுலைசரில் பெரிய வேலை. மருந்துக் கிண்ணத்தையும் முகமூடியையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்காவிட்டால் கிருமி வளரும். எங்கள் சுண்ணாம்புக் கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் சில வாரங்களிலேயே கிண்ணத்தின் நுண்துளையருகே வெள்ளைப் படிவு கட்டி, ஆவி மெலிந்துவிடுகிறது. கொதிக்க வைத்து ஆறவிட்டாலும் அந்தப் படிவு முழுதாகப் போவதில்லை.

நெபுலைசரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கடுமையான முட்டில் வைத்தியசாலையில் ஒட்சிசனோடு சேர்த்துக் கொடுப்பது வேறு, அதற்கு நிகர் வீட்டில் இல்லை. சில பிள்ளைகளுக்கு வைத்தியரே வீட்டு நெபுலைசரை எழுதித் தருவதும் உண்டு. ஆனால் தானாக வாங்கி வைக்கும் வீடுகளில், மிசின் இருக்கிறதே என்ற தைரியத்தில் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை களைத்த பிறகு வைத்தியசாலைக்கு ஓடுவதைக் கண்டிருக்கிறேன். அந்தத் தாமதம்தான் ஆபத்து.

பம்ப்பில் ஒரு விடயத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பெரும்பாலானவற்றில் 200 தடவை அமுக்குவதற்கான மருந்து இருக்கும். எண்காட்டி இல்லாதவற்றில் மருந்து முடிந்த பிறகும் உந்துவாயு மட்டும் 'ஷ்' என்று வந்துகொண்டே இருக்கும். முட்டு வராமல் தடுக்கத் தினமும் காலை இரண்டு, இரவு இரண்டு என்று எழுதியிருந்தால் 50 நாளில் அது முடிந்துவிடும். தொடங்கிய திகதியைப் பம்ப்பின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். அந்தத் தடுப்பு மருந்து ஸ்டிரொயிட் வகை என்றால், போட்டு முடிந்ததும் முகத்தைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் பருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெண்புண் வரக்கூடும். பிள்ளை தேறிவிட்டது போலத் தெரிந்ததும் தடுப்பு மருந்தைத் தானே நிறுத்திவிடும் பழக்கமும் இங்கே உண்டு. நிறுத்துவதை வைத்தியரிடமே விடுங்கள்.

எந்தக் கருவியும் வீட்டுப் புகையை வெல்லாது. மகளின் அறையில் நுளம்புத்திரியை நிறுத்தி வலை கட்டியதும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை முற்றத்தோடு நிறுத்தியதும், பின்வளவில் சருகு கொளுத்துவதை விட்டதும் இரவு இருமலைக் குறைத்தன. அயல் வீட்டில் கொளுத்தினால் சன்னலைச் சாத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

மருந்து போட்ட பின்னும் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கு இடையே தோல் உள்ளே இழுபட்டாலோ, பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, பால்கூடக் குடிக்க முடியாமல் களைத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ அடுத்த தடவை பம்ப்பை அமுக்கக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. போகும்போது கிளினிக் கொப்பியோடு ஸ்பேசரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வைத்தியசாலை விடுதியில் முன்பின் தெரியாத முகங்களுக்கு நடுவே, பிள்ளை பழகிய முகமூடிக்குத்தான் இலகுவில் முகம் கொடுக்கும்.