சில்வர் பீச் மணலுக்கு எந்த மெட்டல் டிடெக்டர்?

மாசி மகத்துக்கு மறுநாள் காலை கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் எனக்கு வேலை இருக்கும். தீர்த்தவாரிக் கூட்டத்தில் மெட்டி, கொலுசு, குழந்தையின் மோதிரம் என்று யாராவது எதையாவது தொலைத்திருப்பார்கள். மெட்டல் டிடெக்டரோடு தேடிக்கொண்டிருக்கும்போதே, "அண்ணே, நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று ஒரு தம்பி வந்து நிற்பார். எங்கே தேடப் போறீங்க என்பதுதான் என் முதல் கேள்வி.

காய்ந்த மணல் மட்டும் என்றால் ஒற்றை அதிர்வெண்ணில் ஓடும் விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) கருவியே போதும். காரெட் ஏஸ் 300 அந்த வகை, 8 கிலோஹெர்ட்ஸ். தரையோரம் ஆட்டும் வட்டத் தட்டான காயில் நனையலாம், மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. அதை ஈர மணலுக்கு இறக்கினால் வந்தது வினை. உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்துவதால் கருவி காரணமில்லாமல் கத்தும். சென்சிடிவிட்டியைக் குறைத்தால் அடங்கும், ஆனால் ஆழமும் போய்விடும். நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் 3 மீட்டர் தண்ணீருக்குள் முங்கும் என்று சிலர் வாங்குகிறார்கள். அதுவும் 12 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அதிர்வெண்தான். தண்ணீரைத் தாங்குவது வேறு, உப்பைச் சமாளிப்பது வேறு.

எதிர்முனையில், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன், சுருக்கமாக பிஐ. உப்பையும் கருமணலையும் அது பெரிதாகக் கண்டுகொள்ளாது, ஆழமாகவும் போகும். காரெட் சீ ஹன்டர் 200 அடி வரை தண்ணீர் தாங்கும். ஆனால் ஆணியா மோதிரமா என்று பிரித்துச் சொல்வதில் பிஐ மகா மோசம். மீன்பிடி வலையின் ஈயக்குண்டும் தூண்டில் முள்ளும் கிடக்கிற கரையில் ஒரு மணி நேரம் தோண்டினாலே இடுப்பு பேசும். பாண்டிச்சேரிப் பக்கம் போனால் பீர் பாட்டில் மூடிகள் வேறு!

நான் வைத்திருப்பது ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் ஓடும் மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800. ஈர மணலில் அமைதியாக இருக்கிறது, இரும்பை ஓரளவு பிரிக்கிறது. காசு இடிக்கிறதா? அதே கம்பெனியின் வான்குவிஷ் பாருங்கள். அதிலும் பல அதிர்வெண் உண்டு, பெட்டியை மட்டும் நனைக்காதீர்கள். நம் கரைக்கு என் ஓட்டு இந்த வகைக்குத்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று தேடும் பொறுமைசாலிக்குத்தான் பிஐ.

எந்தக் கருவியானாலும் மெல்லிய சங்கிலி ஏமாற்றும். கண்ணிகளைத் தனித்தனியாகத்தான் கருவி பார்க்கும். பெரும்பாலும் டாலரோ கொக்கியோதான் குரல் கொடுக்கும். குப்பைக்குப் பயந்து, அலுமினியத் தாளுக்குத் திரையில் வரும் எண்களுக்குக் கருவி கத்தாதபடி மறைத்தால் சின்ன தங்க மோதிரமும் சேர்ந்து மறையும். இப்போதைய 1, 2 ரூபாய்க் காசுகள் காந்தம் பிடிக்கும் எஃகு. இரும்பை மறைத்தால் அவையும் பெரும்பாலும் தப்பிவிடும். போகட்டும்.

பாண்டிச்சேரி அருகே உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேடு பக்கம் மட்டும் கருவியோடு போக வேண்டாம். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அகழாய்ந்த இடம் அது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, மண்ணைத் தொட்டால் சட்டம் பாயும். வேறு இடத்திலும் மண்ணில் புதைந்த பழம்பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டரிடம் சொல்ல வேண்டும்.

மணலை அள்ளிச் சலிக்க, ஓட்டை போட்ட நீள்கைப்பிடி ஸ்கூப்புக்கும் பட்ஜெட்டில் கொஞ்சம் ஒதுக்குங்கள். அலை அடிக்கும் இடத்தில் கையால் தோண்டினால், குனிந்து நிமிர்வதற்குள் குழி மூடியிருக்கும்.