நாகர்கோவில் பக்கம் ஒரு சிமுலேஷன் மன்றம்

நாகர்கோவிலை அடுத்த கல்லூரி ஒன்றில், கணினிவழி இயற்பியலுக்கென்று மாணவர்களே நடத்தும் மன்றத்தின் சனிக்கிழமைக் கூட்டங்களுக்கு, வேறொரு கல்லூரியில் முதுகலை படிக்கும் நான் இந்தப் பருவம் முழுவதும் சென்று வந்தேன். வெளி மாணவர்களையும் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்கிறார்கள். பைத்தான் அடிப்படை தெரிந்திருந்தால் போதும்.

திரையில் அழகாக ஓடும் படத்தை அங்கே யாரும் உடனே நம்பிவிடுவதில்லை என்பதே மன்றத்தின் பெரும் சிறப்பு. முதல் பயிற்சி, பூமி சூரியனைச் சுற்றுவதை ஆய்லர் முறையில் கணக்கிடுவது; அதாவது நேரத்தைச் சிறு காலப்படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் அப்போதைய வேகத்தைக் கொண்டே அடுத்த இடத்தைக் கணிப்பது. நிரல் பிழையின்றி ஓடும். ஆனால் அம்முறை ஒவ்வொரு காலப்படியிலும் இல்லாத ஆற்றலைச் சேர்த்துவிடுவதால் சுற்றுப்பாதை வெளிப்புறமாக விரிந்துகொண்டே போகும். காலப்படியை மாற்றாமல், 1967இல் லூப் வெர்லே மூலக்கூறு இயக்கக் கணக்குகளுக்குக் கையாண்ட முறைக்கு மாறினால், மொத்த ஆற்றல் சிறு அலைவோடு ஓரளவிலேயே நிற்கிறது. இவ்விரு வரைபடங்களையும் போட்டுக் காட்டி விளக்காதவருக்கு அடுத்த பயிற்சி கிடையாது. கறாரான விதிதான், விடை புத்தகத்தோடு ஒத்துப்போனாலே ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிப் பழகிய எங்களுக்கு அது தேவையாகவும் இருந்தது.

இரண்டாவது பயிற்சியான, காந்தத்தன்மையை எளிமையாக விளக்கும் ஐசிங் மாதிரியையும் நன்றாகவே நடத்துகிறார்கள். முப்பந்தல் காற்றாலைகளின் பின்புறக் காற்றோட்டத்தைக் கணக்கிடும் திட்டமோ இன்னும் பெயரளவில்தான் இருக்கிறது.

மன்றம் பெருமையாகக் காட்டுவது சுனாமித் திட்டத்தை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால் எழுந்த அலை இலங்கையைச் சுற்றி வளைந்து, கிழக்கே பார்க்காத குளச்சலையும் எப்படித் தாக்கியது என்பது இங்குள்ள கரையோரக் குடும்பங்களில் வளர்ந்த எவருக்கும் எழும் கேள்வி. அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டராக இருப்பது, 50 மீட்டரில் சுமார் 80 ஆகக் குறைகிறது. இதனால் அலை வளைவதை இவர்களுடைய நிரல் தெளிவாகக் காட்டுகிறது.

ஆனால் கடலைக் கட்டங்களாகப் பிரிக்க இவர்கள் எடுத்துக்கொண்ட வலை மிகப் பரியது; கட்டங்கள் மிகப் பெரியவை. கரையையும் செங்குத்துச் சுவராகவே வைத்திருக்கிறார்கள். இதைக் கொண்டு அலை வந்துசேரும் நேரத்தைத் தோராயமாகச் சொல்லலாமே தவிர, குளச்சலில் அலை எவ்வளவு உயர்ந்தது என்று சொல்ல இயலாது. அப்படியிருந்தும் கண்காட்சிப் பதாகையில் உயரத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வலையின் இடைவெளியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, வேலை எட்டு மடங்காகும், ஆய்வகக் கணினி தாங்காது என்று பதில் வந்தது. கணக்கு சரிதான், கட்டங்கள் நான்கு மடங்கு, காலப்படிகள் இரு மடங்கு. எனினும் புதியவர்களிடம் கேட்கும் சான்றை மூத்தவர்கள் தங்களுக்கு மட்டும் தள்ளுபடி செய்துகொள்வது முறையன்று.

நிரல்கள் பென்டிரைவில் கைமாறுவதால் யார் எதைத் திருத்தினார் என்பது தெரிவதில்லை. கூட்டம் இருட்டிய பிறகே முடிவதால், தேங்காப்பட்டணம் போன்ற தொலைவான ஊர்களிலிருந்து வருவோர் பாதியிலேயே எழுந்து போகிறார்கள். முதல் இரு பயிற்சிகளுக்காகவே இயற்பியல் மாணவர்கள் தயங்காமல் சேரலாம்; மடிக்கணினியைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.