கேமராவும் வெப்பமானியும் உள்ள சிட்டுக்குருவிப் பெட்டி: வாங்கலாமா?

எல்லோரும் இந்தக் கூட்டுப்பெட்டியைக் கேமராவுக்காக வாங்குகிறார்கள். எனக்குப் பிடித்தது உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன வெப்பமானிதான்.

கேமரா பரவாயில்லை. தாய்க்குருவி நகர்ந்தால் இரவிலும் முட்டைகளை எண்ணலாம். 'பறவை வந்துவிட்டது' என்று செயலி ஓயாமல் மணியடிக்கும், அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள். மைக் மோசம், வெறும் இரைச்சல். ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபிஞ்ச் பறவைகள் வெப்பம் 26 டிகிரியைத் தாண்டினால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்குத் தனிக்குரல் கொடுக்கின்றன, அந்தக் குரலைக் கேட்டுப் பொரித்தவை வெக்கையில் சிறுத்த உடலோடு வளர்கின்றன என்று 2016இல் கண்டறிந்தார்கள். அப்படி எதையாவது கேட்கலாம் என்ற ஆசை எனக்கு!

சரி, வெப்பமானிக்கு வருவோம். கரு நன்றாக வளர 37, 38 டிகிரி வேண்டும். கொஞ்ச நேரம் குளிர்ந்தால் தாங்கிக்கொள்ளும். 40ஐத் தாண்டி நீடித்தால் செத்துவிடும். காற்றே வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு சிக்கல்: தாய் அடைகாக்க உட்காரும் முன்பே, முதலில் இட்ட முட்டையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். அது முந்திப் பொரிக்கும், கடைசிக் குஞ்சுக்கு இரை கிடைப்பது கஷ்டம்.

இதெல்லாம் தெரிந்த யாரும் பெட்டிக்கு அடர்பழுப்பு வண்ணம் அடிக்கமாட்டார்கள். பலகையும் மெல்லியது. மரப்பொந்தின் தடித்த சுவர் வெயிலை மட்டுப்படுத்தும், இது அப்படியே உள்ளே விடுகிறது. மதிய வெயிலில் வெளியைவிட உள்ளேதான் அதிக வெப்பம் காட்டியது. (வெப்பமானி கூரையோரம் இருப்பதால் முட்டை மட்டத்தில் சற்றுக் குறைவாக இருக்கலாம்.) குருவி வருவதற்கு முன்பே வெள்ளையடித்து, நிழலுக்கு மாற்றி, மேல்விளிம்பில் காற்றுத்துளை போட்டேன். அப்புறம் எண் இறங்கியது.

பெரிய குறை செயலியில்தான். முதல் முட்டை எந்தத் தேதியில் வந்தது என்று அழகாகக் குறித்து வைக்கிறது, அடுத்த பருவம் தொடங்கியதும் அழித்துவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய வைதம் காட்டில் கிரேட் டிட் பறவைகளை 1947 முதல் கவனித்துவருகிறார்கள். அவை இப்போது அன்றைவிட இரண்டு வாரத்துக்கும் மேல் முந்தி முட்டையிடுகின்றன, குஞ்சுகளுக்கு வேண்டிய கம்பளிப்புழுக்களும் முந்திவிட்டதால். பழைய தேதிகளைத் தூக்கிப் போட்டிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? நீங்கள் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நிழலான சுவர் இருந்தால் வாங்கலாம். நாள் முழுக்க வெயில் அடிக்கும் இடம்தான் உண்டு என்றால் வேண்டாம்.